உழவர் மொழியில் எழுதிய துறவி செனூத்தே

பாலைவனத் துறவியர் என்றவுடன் வனத்து அந்தோனியாரின் பெயரே நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வரும். அவர் பெயரால் கோயில்களும் திருவிழாக்களும் நம் பக்கத்து ஊர்களிலேயே உள்ளன. எகிப்து நாட்டவரான அவர் கி.பி. 356-இல் மறைந்தார். மறைந்த சில ஆண்டுகளுக்குள் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு அவரது வாழ்க்கை வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதினார். அந்தோனியார் பேசியது எகிப்தியர் மொழி; கிரேக்கம் அவர் கற்றதில்லை. ஆயினும் கிரேக்க நூல் ஒன்று அவரைச் சுமந்து சென்றதால் உலகம் அவரை அறிந்தது.

அந்தோனியார் மறைந்தபோது எட்டு வயதுச் சிறுவனாக, நைல் நதிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இன்னொருவர் உண்டு. செனூத்தே என்பது அவர் பெயர். ஏறத்தாழ எண்பது ஆண்டுக் காலம் ஆயிரக்கணக்கான ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தலைவராய் இருந்தவர். அந்தோனியாரைக் காட்டிலும் பன்மடங்கு எழுதிக் குவித்தவர். அவர் காலத்துக் கிரேக்க நூல்களிலோ இலத்தீன் நூல்களிலோ அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஏன் இல்லை என்பதை நம் சமுதாய இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்விக்கென்று எழுந்த நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இம்மனிதரைப் பற்றி எழுத நான் விரும்பியது அதனாலேயே.

செனூத்தே ஏறத்தாழ 348-ஆம் ஆண்டு, மேல் எகிப்தில் பனோப்போலிஸ் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். இன்று அந்நகர் அக்மீம் எனப்படுகிறது. தந்தை உழவர், சில ஆடுகளும் உடையவர். அவர் வாழ்வை எழுதிய சீடர் பேசா சொல்லும் செய்தி ஒன்று உண்டு. மாலையில் ஆட்டு மந்தையை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பாமல், வழியிலுள்ள நீர்நிலையில் இறங்கி, கழுத்தளவு நீரில் கைகளை விரித்தபடி சிறுவன் செபித்து நிற்பானாம். பிள்ளை வீட்டுக்கு நேரத்தோடு வருவதில்லை என்று பெற்றோர் கடிந்துகொண்டனராம். பின்னர்த் தந்தை அவனை மாமன் பிகோலிடம் அழைத்துச் சென்றார். நைலின் மேற்குக் கரையில், விளைநிலம் முடிந்து மணல் தொடங்கும் எல்லையில், துறவு மடம் ஒன்றை நிறுவியவர் அந்தப் பிகோல். பின்னாளில் வெண்மடம் என்று பெயர் பெற்றது அதுவே. வெண்ணிறச் சுண்ணக் கற்களால் கட்டிய கோயில் அங்கு எழுந்தமையால் அப்பெயர் வந்தது.

மடத்தில் செனூத்தே வேத நூல்களை நன்கு கற்றார், கிரேக்கமும் அறிந்துகொண்டார். அவர் எழுத்தில் உள்ள சொல்லாற்றலைக் காண்போர், முறையான நாவன்மைப் பயிற்சி அவருக்கு இருந்திருக்கலாம் என்று எண்ணுவர். பிகோல் மறைந்தபின் வேறொருவர் மடத்தின் தலைவரானார். அவர் காலத்தில் மடத்திற்குள் பெரிய குற்றம் ஒன்று நடந்து மூடி மறைக்கப்பட்டது. இளந்துறவியாயிருந்த செனூத்தே அதனைத் தலைவரிடம் எடுத்துச் சொன்னார். தலைவர் நம்பவில்லை, சொன்னவரையே பழி தூற்றுபவராகக் கருதினார். செனூத்தே வாயை மூடிக்கொண்டு இருக்கவுமில்லை. கூட்டம் சேர்த்துக் கலகம் செய்யவுமில்லை. மடத்தைவிட்டு வெளியேறிப் பாலைவனக் குகை ஒன்றில் தங்கி, சோதரர் அனைவர்க்குமாக வெளிப்படையான கடிதம் எழுதினார். பின்னர் மற்றொன்றும் எழுதினார். நாளடைவில் உண்மை வெளிப்பட்டது. 385-ஆம் ஆண்டையொட்டி மடத்தின் தலைமை அவரைத் தேடி வந்தது.

அக்கடிதங்களே அவரது முதல் நூலாயின. தலைவரான பின்னரும் அவர் பெரும்பாலும் மடத்துக்கு வெளியே பாலைவனத்தில் தனித்தே வாழ்ந்து, கடிதங்களின் வழியாகவே மடத்தை நடத்தினார். அவரது எழுத்து இத்துணை பெருகியதற்கு அதுவே காரணம். அருகில் இருந்து ஆண்டிருந்தால் வாய்ச்சொல்லோடு போயிருக்கும். ஆண்டுக்கு நான்கு முறை மடத்தார் அனைவரும் கூடும் நாட்களில் அக்கடிதங்கள் உரக்கப் படிக்கப்பட வேண்டும் என்பது விதி. எழுத்தறிந்தவரும் அறியாதவரும் ஒருங்கே அமர்ந்து கேட்டனர்.

மடம் என்றால் ஒரு கட்டடம் அன்று. வெண்மடம், அதற்கு வடக்கேயிருந்த சிறுமடம், அத்ரீப்பே என்ற ஊரிலிருந்த பெண்கள் மடம் ஆகிய மூன்றும் ஒரே தலைமையின் கீழ் இயங்கின. துறவியர் ஆடவர் 2200 பேர், பெண்டிர் 1800 பேர் என்று பிற்கால அரபு மொழி வரலாறு கணக்குக் கூறுகிறது. அது சற்று மிகையாகவும் இருக்கலாம். ஆனால் பெருங்கூட்டம் என்பதில் ஐயமில்லை. சேர வருபவர் தம் உடைமை முழுவதையும் மடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். திருடுவதில்லை, பொய் சொல்வதில்லை, பொய்ச்சான்று கூறுவதில்லை, உடலைக் களங்கப்படுத்துவதில்லை என்று கடவுள் முன்னிலையில் உறுதிமொழி கூற வேண்டும். கூடை முடைதல், கயிறு திரித்தல், துணி நெய்தல், ஏடு எழுதிக் கட்டுதல் என அனைவர்க்கும் வேலை உண்டு. நாளுக்கு ஒருவேளை உணவு. அந்த உணவில் ஒருவர்க்கு மிகுதி, மற்றொருவர்க்குக் குறைவு என்பது கூடாது. தன் மகன், தன் தமக்கை என்று கருதி எவரும் எவருக்கும் தனியாக எடுத்து வைத்தல் ஆகாது. நோயாளிக்கும் முதியவர்க்கும் மட்டுமே விலக்கு. இவ்வாறான விதிகள் அவர் நூல்களில் 595 உள்ளனவென்று 2014-இல் வெளியான ஒரு பதிப்பு எண்ணித் தொகுத்துக் காட்டியுள்ளது. சமபந்தி என்பதை ஆண்டுக்கொரு முறை நடத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளும் நமக்கு, நாள்தோறும் நடந்த அந்தப் பந்தி வியப்பளிக்கிறது.

இனி அவர் வாழ்வில் நம் நெஞ்சுக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருவோம்.

பனோப்போலிஸ் நகரில் கெசியோஸ் என்ற பெருநிலக்கிழார் ஒருவர் இருந்தார். முன்னர் அம்மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தவர். நம் பக்கத்துச் சொல்லில் சொன்னால் பெரிய மிராசுதார். அவரது பண்ணைகளில் உழைத்த மக்கள் பட்ட பாட்டைச் செனூத்தே தம் பகிரங்கக் கடிதங்களில் வரிசையாக எழுதிவைத்தார். புளித்துப்போன திராட்சை மதுவை உழவர் தலையில் கட்டி அதற்கு விலை வாங்குவது. நோயுற்ற மாட்டையும் கெட்டுப்போன இறைச்சியையும் வேண்டாம் என்றவரிடமும் திணித்துப் பணம் பறிப்பது. உழவரின் கழுதையையும் வண்டியையும் கேளாமல் ஓட்டிச் செல்வது. செல்வர் நீராடும் கூடங்களைக் கட்ட ஏழைகளை வெட்டிவேலைக்கு இழுப்பது. இவற்றை எல்லாம் பொதுவாகக் கொடுமை என்று ஒரு சொல்லில் அவர் முடித்துவிடவில்லை. எந்தப் பொருள், எவ்வாறு திணிக்கப்பட்டது என்று பட்டியலிட்டார். அக்காலத்து எகிப்திய உழவரின் அன்றாடத் துன்பத்தை அறிய விரும்பும் வரலாற்று ஆசிரியர்கள் இன்று தேடிச் செல்வது இக்கடிதங்களைத்தான்.

இவ்வுழவர்கள் எழுதத் தெரியாதவர்கள். அவர்கள் சார்பில் மனு எழுதுவோர் கிரேக்கத்தில் எழுதினர். அதில் என்ன இருந்தது என்பது மனுக்காரருக்கே தெரியாது. செனூத்தே எழுதியதோ கோப்து மொழியில். கோப்து என்பது பழைய எகிப்திய மொழியின் கடைசி வடிவம். முன்னாளில் அம்மொழிக்குரிய சித்திர எழுத்தும் அதன் கிளை எழுத்துகளும் கோயிற் குருமார், எழுத்தர் ஆகிய சிலர் கையிலேயே இருந்தன. கிறித்தவம் பரவிய காலத்தில் கிரேக்க எழுத்துகளை எடுத்துக்கொண்டு, கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்காகப் பழைய எழுத்திலிருந்து ஆறேழு வடிவங்களைச் சேர்த்து, எளிதில் கற்கத்தக்க நெடுங்கணக்கு ஒன்றை உருவாக்கினர். ஆயினும் அதில் வெளிவந்தவை பெரும்பாலும் கிரேக்கத்திலிருந்து செய்த மொழிபெயர்ப்புகளே. அந்த மொழியில் தாமே சிந்தித்து, வாதிட்டு, சினந்து, நையாண்டி செய்து பெருநூல்கள் படைத்தவர் செனூத்தே. கிரேக்கம் அறிந்திருந்தும், களத்துமேட்டில் நிற்பவனுக்குக் கேட்கும் மொழியையே அவர் கொண்டார். நீண்ட வாக்கியங்கள், அடுக்கடுக்கான கேள்விகள், உழவும் அறுவடையும் பற்றிய உவமைகள். ஏழையும் அதிகாரியும் ஒருங்கே அவர் கோயிலுக்கு வந்து அவர் உரையைக் கேட்டனர்.

அவ்வாறு தேர்ந்ததற்கு அவர் தந்த விலைதான் முன்னே சொன்ன மௌனம். பல்லாடியு என்னும் நூலாசிரியர் ஏறத்தாழ 420-இல் எகிப்தியத் துறவியரின் வரலாறுகளைக் கிரேக்கத்தில் தொகுத்தார். அதற்குமுன் அவர் செனூத்தேயின் மடத்துக்கு மிகத் தொலைவில்லாத அந்தினோவே நகரில் நான்கு ஆண்டுகள் தங்கியிருந்தவர். பனோப்போலிஸில் இருந்த வேறொரு மடத்தைப் பற்றி விரிவாகவே எழுதியவர். செனூத்தேயைப் பற்றி ஒரு வரி இல்லை. கற்றோர் மொழியில் இல்லாதது கற்றோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் பாட்டன்மாரின் பாடல்களுக்கும் மருத்துவத்திற்கும் நேர்ந்தது இதுவேயன்றோ?

பிளெம்மியர் என்னும் பாலைவன இனத்தார் தெற்கிலிருந்து வந்து மேல் எகிப்தைச் சூறையாடிய காலம் ஒன்று வந்தது. ஊர்கள் எரிந்தன; மக்கள் அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டனர். தப்பியவர் ஆடுமாடுகளோடும் குழந்தைகளோடும் வெண்மடத்தின் வாயிலுக்கு ஓடிவந்தனர். மூன்று மாத காலம், 20,000 பேர் அங்குத் தங்கினர். செனூத்தே இதனைக் கணக்கெழுதுபவரைப் போல எழுதி வைத்துள்ளார். காயமுற்றோர்க்காகக் கூலி கொடுத்து அமர்த்திய மருத்துவர் 7 பேர். அங்கே இறந்து, மடத்தாரால் அடக்கம் செய்யப்பட்டவர் 94 பேர். அங்கே பிறந்த குழந்தைகள் 52. கொள்ளையர் கையிலிருந்து பணம் கொடுத்து மீட்கப்பட்டவர் 100 பேர். மீட்டவர்க்கு ஆடையும் வழிச்செலவும் கொடுத்து ஊருக்கு அனுப்பினர். காய்கறிக்கு வாரந்தோறும் என்ன செலவு, நாளொன்றுக்கு எத்தனை அடுப்பு அப்பம் என்பது வரை அவர் குறித்தார். ஒரு பெண் பாலைவனத்தில் பிள்ளை பெற்றாள் என்பதை எந்த அரசனின் வரலாறு எழுதிற்று? இங்கே 52 என்று எண்ணி எழுதப்பட்டுள்ளது.

இவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்தினால் மலர்க் கட்டுரைக்கு அழகாயிருக்கும். ஆனால் நம் பெரியோர் வாழ்வை எழுதும்போது பாதியை மறைத்து எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று.

கெசியோஸ் வெளியே கிறித்தவர் போல நடந்து, வீட்டிற்குள் பழைய தெய்வங்களின் சிலைகளை மறைத்து வைத்து வணங்கினார். செனூத்தே இரவில் சிலருடன் அவர் வீட்டினுள் புகுந்து அச்சிலைகளை எடுத்துச் சென்றார். அருகிலிருந்த பழைய கோயில்களையும் அவரும் அவர் மக்களும் எரித்தும் இடித்தும் அழித்தனர். வழக்குத் தொடுக்கப்பட்டபோது, கிறித்துவைப் பற்றியோர்க்கு அது குற்றமாகாது என்ற முறையில் வாதிட்டார். உழவனை வதைத்த மிராசுதாரின் கொடுமையை எதிர்த்தது அறம். அவர் வணங்கிய தெய்வத்தை உடைத்தது அறமன்று. இவ்விரண்டையும் செனூத்தே ஒன்றெனக் கருதினார். வழிபடும் உரிமைக்காகக் கோயில் வாயில்களில் தடியடி பட்ட சமுதாயத்தில் பிறந்த நாம் அவ்வாறு கருத இயலாது.

அதனினும் கடுமையானது மடத்திற்குள் இருந்த தடி. விதி மீறியவர்க்குப் பிரம்படி என்பது அங்கே எழுதப்பட்ட சட்டம். பெண்கள் மடத்துக்கு அவர் அனுப்பிய கடிதம் ஒன்று இன்றும் உள்ளது. தவறு செய்த பெண்களின் பெயரை ஒவ்வொன்றாகக் குறித்து, இன்னாருக்குப் பத்து, இன்னாருக்கு இருபது, இன்னாருக்கு முப்பது என்று அடிகளை எண்ணிட்டிருக்கிறார். அடி உள்ளங்காலில் விழ வேண்டும். தரையில் உட்கார வைத்து, மூத்த பெண்கள் கால்களைப் பிடித்துக்கொள்ள, செனூத்தே அனுப்பிய முதியவர் அடிப்பார். 52 குழந்தைகளை எண்ணிய அதே கை இதனையும் எண்ணி எழுதிற்று.

மூன்று பத்தாண்டுகள் பள்ளியில் பணியாற்றி வரும் எனக்கு அக்கடிதத்தைப் பற்றிப் படிப்பது எளிதாயில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிரம்பைத் தடை செய்துவிட்டது. ஆயினும் அடியாத மாடு படியாது என்று சொல்லும் பெற்றோர் நம்மிடையே குறையவில்லை. பிள்ளை உருப்பட வேண்டும் என்ற அன்பினாலேயே அவர்கள் அதனைச் சொல்கின்றனர். செனூத்தேயும் அவ்வாறே, ஆன்மா அழிந்துவிடுமே என்ற அச்சத்தினால் அடித்தார். அந்தக் காலத்து வழக்கம் அது என்று சிலர் கூறுவர். அவ்வழக்கம் எல்லாருக்கும் ஏற்புடையதாக இருந்திருப்பின், பெண்கள் மடத்தில் எதிர்ப்பு எழுந்திருக்க வேண்டியதில்லை. எழுந்தது. அவர் அனுப்பிய தூதரை மதித்து ஏற்க மறுத்த மூத்த பெண்கள் இருந்தனர். நடந்தவற்றை அவருக்குத் தெரிவியாமல் தாமே தீர்த்துக்கொண்டவர்களும் இருந்தனர். நிலக்கிழாரிடம் அவர் கேட்ட கேள்விகளை அவரிடமே கேட்டவர்கள் அப்பெண்கள்.

431-இல் எபேசு நகரில் கூடிய திருச்சபைப் பேரவைக்கு அலெக்சாந்திரியா ஆயர் சிரில் சென்றபோது செனூத்தேயும் உடன் சென்றார். அங்கு அவர் செய்ததாக வழங்கும் அற்புதக் கதைகளை இங்கு விவரிக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தையொட்டியே வெண்மடத்தின் பெருங்கோயில் எழுந்தது. 75 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் கொண்ட அக்கட்டடத்தின் வெளிச்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அழிந்த பழங்கோயில்களின் கற்கள் பல அதில் வைத்துக் கட்டப்பட்டுள்ளன.

மரபு கூறும் கணக்கின்படி 465-ஆம் ஆண்டையொட்டி, நூற்றுப் பதினெட்டு வயதில் அவர் மறைந்தார். ஜூலை 14-ஆம் நாள் கோப்துத் திருச்சபை அவர் நினைவைக் கொண்டாடுகிறது. பேசா மடத்தின் தலைவரானார். 1971 முதல் 2012 வரை அத்திருச்சபையின் தலைவராய் விளங்கிய மூன்றாம் செனூதா தாங்கிய பெயர் இவருடையதே.

அவர் நூல்களின் கதை இன்னொரு வாழ்க்கை வரலாறு. மடத்தார்க்கான கடிதங்களும் விதிகளும் ஒன்பது தொகுதிகள்; மக்களுக்கான உரைகள் எட்டுத் தொகுதிகள். வெண்மடத்துத் துறவியர் அவற்றைத் தோல் ஏடுகளில் மீண்டும் மீண்டும் படியெடுத்துக் காத்தனர். பின்னர் எகிப்தில் அரபு மொழி பரவியது. கோப்து பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது. படிக்க ஆளில்லாத ஏடுகள் கோயிலின் பின்னறை ஒன்றில் குவிந்து கிடந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியக் கர்தினால் போர்ஜியா அவற்றில் ஒரு பகுதியைப் பெற்றார். 1810-இல் அவற்றின் அட்டவணை அச்சாயிற்று. 1880-களில் பிரெஞ்சு அறிஞர் மாஸ்பெரோ முயற்சியால் ஆயிரக்கணக்கான ஏடுகள் பாரிசுக்குச் சென்றன. வணிகர் கையில் அகப்பட்டவை தனித்தனி ஏடாகப் பிரித்து விற்கப்பட்டன. ஒரே கடிதத்தின் முதல் ஏடு நேப்பிள்ஸில், அடுத்தது பாரிசில், மற்றொன்று வியன்னாவில், வேறொன்று கெய்ரோவில் என்ற நிலை உண்டாயிற்று.

அமெரிக்கரான ஸ்டீபன் எம்மல் இவ்வேடுகளில் உள்ள பக்க எண்களையும் கையெழுத்தையும் வரி அளவையும் ஒப்பிட்டு, எந்த ஏடு எந்த நூலுக்கு உரியது என்று ஒழுங்குபடுத்தினார். 1993-இல் ஆய்வேடாக அளித்த அப்பணி 2004-இல் இரு தொகுதிகளாக அச்சேறியது. அதன்பின்னரே செனூத்தே எழுதியவற்றை வரிசையாகப் படிக்க வழி பிறந்தது. பதிப்பு வேலை இன்றும் முடியவில்லை. இடையிடையே ஏடுகள் இல்லாத இடங்கள் பல. பெண்கள் மடத்திலிருந்து அவருக்கு வந்த கடிதங்களில் ஒன்றேனும் கிடைக்கவில்லை. அப்பெண்கள் என்ன எழுதினர் என்பதை, அவர் எழுதிய மறுமொழிகளைக் கொண்டே அறிகிறோம்.